10 வாட்ல பேட்டரி ஏன் எதிர்பார்த்த அளவு நிக்கல?

கேள்வி: அண்ணே, ரெண்டு பேட்டரி போடுற வேப் (மின்சிகரெட்), 40 வாட்லருந்து 10க்கு எறக்கிட்டேன், நாலு மடங்கு நிக்கும்னு பார்த்தா வரலையே?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: தம்பி, திரவத்த சூடாக்கற கம்பிச்சுருள் இருக்கே, அந்த காயிலுக்கு போறதுதான் 10 வாட், உள்ள இருக்கற சிப்பும் ஸ்கிரீனும் எந்த வாட்ல ஓட்டினாலும் அது பங்க எடுத்துக்கும், அதான் கம்மி வாட்ல அந்த செலவு பெருசா தெரியுது. ரெண்டு பேட்டரி வரிசையா (ஒண்ணோட பிளஸ் இன்னொண்ணோட மைனஸ்ல சேர்ற மாதிரி) இருந்தா ஃபுல் சார்ஜ்ல 8.4 வோல்ட், 1 ஓம் காயிலுக்கு 10 வாட்னா 3.2 வோல்ட் போதும், அவ்ளோ எறக்கும்போது கொஞ்சம் சூடாவே வீணாப்போகும். 10 வாட் போதும்னா ஒத்த பேட்டரி போடுற வேப்பே வாங்குப்பா, 2500 எம்ஏஎச் 18650 சைஸ் பேட்டரில சுமார் 9 வாட்-மணி இருக்கு, பட்டன மொத்தமா முக்கால் மணி நேரத்துக்கு மேல அமுக்கலாம். பேட்டரி பிளஸ் முனைல சுத்தின பிளாஸ்டிக் கிழிஞ்சிருந்தா மட்டும் தயவுசெஞ்சு போடாத, ஷார்ட் ஆயிடும்.