நகையை அடகு வைக்கும் முன்

ராணிப்பேட்டையிலிருந்து ஓர் அம்மா, பிளஸ் டூ முடித்த மகனோடு என்னிடம் படிப்புக்கு ஆலோசனை கேட்டு வந்திருந்தார். மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்துவிடச் சொல்லி அவனுடைய மாமா நெருக்குகிறாராம். நாலு வருடத்துக்கு 8 லட்சம். "நகையை வெச்சாவது கட்டிடுறேன், வேலை கிடைச்சிடுமா சார்?" என்று கேட்டார். கவலைப்படாதீங்க என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பையன் என் தலைக்கு மேல் ஓடிய ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தான். "பேரிங் போயிருக்கு சார். 6202 நம்பர் பேரிங்கா இருக்கும், மாத்திட்டா சத்தம் நின்னுடும்" என்றான்.

அம்மா, அந்த 8 லட்சத்தைக் கட்டாதீர்கள். பையன் ஒரு தடவைகூட கம்ப்யூட்டர் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. ஊர் வாய்க்காக வாங்கும் பட்டத்துக்கு உங்கள் நகை போகக்கூடாது.

இவனுக்குப் பொருந்துவது ஆலையில் மெஷின் ஓட்டும் பிளான்ட் ஆபரேட்டர் வேலை. பிளான்ட் ஆபரேட்டர் என்றால் பட்டனை அமுக்குகிற ஆள் என்று உறவினர்கள் நினைக்கிறார்கள். நல்ல ஆலையில் அப்படி இல்லை. ஷிப்ட் தொடங்கியதும் மெஷினைத் துடைப்பதுதான் முதல் வேலை. துடைக்கிற கைதான் ஆயில் கசிவையும் விரிசலையும் முதலில் கண்டுபிடிக்கும். நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே ஒரு பெயின்ட் கோடு போட்டிருப்பார்கள். கோடு விலகியிருந்தால் நட் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆயில் அளவை மெஷினில் பதித்திருக்கும் கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும், ஏர் லைன் ஃபில்டரில் தேங்கிய தண்ணீரை வடிக்க வேண்டும், வி-பெல்ட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிரீஸ் அடிப்பதிலும் நுணுக்கம் உண்டு. கிரீஸ் ஏற்றும் முனையான நிப்பிளைத் துடைக்காமல் அடித்தால் தூசியும் சேர்ந்து பேரிங்குக்குள் போய்விடும். அளவுக்கு மீறி அடித்தால் பேரிங் சூடேறும். தன்னால் முடியாத பழுதுக்குச் சிவப்பு டேக் மாட்டி மெயின்டனன்ஸ் ஆட்களைக் கூப்பிட வேண்டும். மெஷினுக்குள் கை வைக்கும் முன் கரன்ட்டை நிறுத்திப் பூட்டு போட்டு, சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். இப்படி ஓட்டுகிறவரே மெஷினைப் பேணுவதை ஜப்பான்காரர்கள் 'ஜிஷு ஹோசன்' என்கிறார்கள். ஃபேன் சத்தத்திலேயே பேரிங்கைச் சொன்ன பையனுக்கு இதில் பாதி ஏற்கெனவே வந்துவிட்டது.

இதற்கு அரசு ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடப் பிரிவுகள் உண்டு: அட்டெண்டன்ட் ஆபரேட்டர் கெமிக்கல் பிளான்ட், மெஷின் டூல் மெயின்டனன்ஸ் மெக்கானிக். பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் தருகிறார்கள். அப்புறம் 1961ஆம் வருட அப்ரென்டிஸ் சட்டத்தின் கீழ் ஆலையில் பயிற்சி. பிறகு படிக்க ஆசை வந்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரலாம்.

சங்கடங்களையும் சொல்லிவிடுகிறேன். நைட் ஷிப்ட் இருக்கும். ஆரம்பச் சம்பளம் குறைவு. கான்ட்ராக்டர் மூலம் கூப்பிட்டால் போக வேண்டாம். பதிவு செய்த அப்ரென்டிஸ் ஒப்பந்தம் இருக்கிறதா என்று கேளுங்கள், பயிற்சி முடிந்ததும் தேசியச் சான்றிதழை வாங்காமல் விடாதீர்கள். தனியார் ஐ.டி.ஐ. என்றால் அங்கீகாரத்தைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம்.

இந்த வாரமே ஒரு வேலை நாளில் அவனைப் பக்கத்து அரசு ஐ.டி.ஐ. ஒர்க்‌ஷாப்புக்குக் கூட்டிப் போங்கள். அரை மணி நேரம் அங்கே நிற்கட்டும். வெளியே வந்ததும் நீங்கள் எதுவும் கேட்க வேண்டாம், அவனே பேசட்டும்.