ஃபைலை இடம் மாற்றினேன், ட்ராக்கெல்லாம் ஊமையாகிவிட்டது!

கேள்வி: இரண்டரை மணி நேரக் கச்சேரியை எட்டு ட்ராக்கில் பதிவுசெய்து ரீப்பர் என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் எடிட் செய்துவருகிறேன். லேப்டாப்பில் இடம் போதாமல் வேவ் ஃபைல்களை எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு மாற்றினேன். இப்போது ப்ராஜெக்டைத் திறந்தால் எந்த ட்ராக்கிலும் சத்தமில்லை. செய்த எடிட்டிங் எல்லாம் போய்விட்டதா?

பதில்: போகவில்லை. முதலில், எதையும் சேவ் செய்யாமல் ப்ராஜெக்டை மூடுங்கள்.

ரீப்பரின் ப்ராஜெக்ட் ஃபைலுக்குள் சத்தம் கிடையாது. எந்த வேவ் ஃபைல், அதில் எந்த நொடியிலிருந்து எந்த நொடி வரை, எங்கே ஃபேட் (சத்தம் மெல்ல ஏறுவது அல்லது இறங்குவது) என்ற குறிப்புகள்தான் இருக்கின்றன. நீங்கள் வெட்டியதெல்லாம் அந்தக் குறிப்பில் பத்திரமாக உள்ளது. வேவ் ஃபைல் இருக்கும் இடம் மட்டும்தான் அதற்குத் தெரியவில்லை. ஃபைல்களைப் பழைய ஃபோல்டருக்கே அதே பெயரில் திருப்பி வைத்தால் சத்தம் வந்துவிடும். அதற்கு இடமில்லையென்றால், ப்ராஜெக்டைத் திறக்கும்போது காணாமல்போன ஃபைல்களைப் பற்றி வரும் பெட்டியில் புதிய இடத்தைக் காட்டுங்கள்.

எல்லாம் ஒலித்த பிறகு ‘சேவ் ஆஸ்’ கொடுத்து, மீடியாவையும் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் காப்பி செய்யும் கட்டத்தை டிக் செய்து, எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் புது ஃபோல்டரில் வையுங்கள். இனி நகர்த்துவதானால் அந்த முழு ஃபோல்டரையும் நகர்த்துங்கள்.

இடக் கணக்கையும் பார்ப்போம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு மோனோ ட்ராக் நிமிடத்துக்கு 8.64 எம்பி. உங்கள் கச்சேரி மொத்தமே சுமார் 10.4 ஜிபிதான். அதற்குமேல் ஃபோல்டர் வீங்கியிருந்தால், ‘க்ளூ’ செய்யும்போதும் (துண்டுகளை ஒட்டி ஒரே ஃபைலாக்குவது) ரெண்டர் செய்யும்போதும் (எடிட்டைப் புது ஒலி ஃபைலாக எழுதுவது) உருவான புது ஃபைல்கள்தான் பெரும்பாலும் காரணம். திரையில் ஒரு துண்டை அழிப்பதால் டிஸ்க்கில் இடம் மிச்சமாகாது.

பயன்படாத ஃபைல்களை நீக்க ரீப்பரிலேயே வசதி உண்டு. ஆனால் அது இப்போது திறந்திருக்கும் ப்ராஜெக்டை மட்டுமே பார்க்கும். அதே ஃபோல்டரில் வேறொரு எடிட் இருந்தால், அதற்கு வேண்டிய ஃபைலும் ‘பயன்படாதது’ பட்டியலில் வந்துவிடும். சிறு வயதில் ஒருமுறை, நீளம் கருதி விட்ட ஆலாபனையை இப்படி அழித்துவிட்டேன். பாடியவர் இரண்டு மாதம் கழித்துக் கேட்டபோது கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது. அதனால் மேடையில் பதிவான மூல ஃபைல்களை எடிட்டைத் தொடங்கும் முன்பே வேறு இரண்டு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள்.

அடுத்த கச்சேரிக்கு, ரெக்கார்ட் பொத்தானை அழுத்துமுன் ட்ராக்குகளுக்கு ‘வாய்ப்பாட்டு’, ‘வயலின்’, ‘மிருதங்கம் வலந்தலை’ என்று பெயர் வையுங்கள். ஃபைல்களும் அந்தப் பெயரிலேயே பதிவாகும். தொலைந்தாலும் தேடிப் பிடித்துவிடலாம்.