நாஜி இனப்படுகொலையில் தப்பிய அகதிகள் பின்னாளில் தம் யூத இனத்தாருக்கே தொண்டு செய்தது குறுகிய மனப்பான்மை அல்லவா?

நீங்கள் ஏதோ ஒரு தலைவரின் இரங்கல் குறிப்பைப் படித்துவிட்டு இதைக் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். “பொதுத்தொண்டர் என்கிறார்கள், ஆனால் பாதி வாழ்நாள் சொந்தக்காரர்களுக்கே உழைத்திருக்கிறாரே” என்ற எண்ணம் 2009 வரை எனக்கும் இருந்தது. யூதர் என்ற சொல்லைக் கண்டதும் இன்றைய இஸ்ரேல் அரசைப் பற்றிப் பின்னூட்டமிட வருபவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: அது தனி விவாதம், எனக்கும் அதில் கருத்து உண்டு, ஆனால் இந்தப் பதில் அதைப் பற்றியது அன்று.

அப்போது நான் வடக்கு லண்டனில், நூலகம் ஒன்றில், சனிக்கிழமை தவிர்த்த மாலைகளில் முதியவர்களுக்குப் படிவம் நிரப்பித் தரும் தன்னார்வலனாக இருந்தேன். கணக்குத் துறையில் வேலை பார்ப்பவன் என்பதால், ஆவணங்களைச் சரிபார்ப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. ஒரு நாள், நன்றாக உடுத்திய முதியவர் ஒருவர் ஜெர்மனிக்கு அனுப்ப வேண்டிய விண்ணப்பத்துடன் வந்தார். நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த கெட்டோக்களில் வேலை செய்தவர்களுக்கு ஓய்வூதியம் வழங்க ஜெர்மனி 2002இல் சட்டம் இயற்றியிருந்தது. தொடக்கத்தில் பெரும்பாலான விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. 2009இல் அந்நாட்டு உயர் சமூக நீதிமன்றம் விதிகளைத் தளர்த்தியதால், நிராகரிக்கப்பட்டவர்கள் மறுபடியும் கேட்கத் தொடங்கியிருந்தனர். அவரும் அவர்களில் ஒருவர்.

அவர் கொடுத்த நாஜி வதைமுகாம் அட்டையின் நகலில் பிறந்த ஆண்டு 1926 என்று இருந்தது. பிரிட்டிஷ் குடியுரிமைச் சான்றிதழிலோ 1930. நான்கு ஆண்டு வித்தியாசம்! எது சரி என்று கேட்டேன். “இரண்டும் இல்லை, 1928” என்றார். நான் தாள்களை அடுக்கி அவர் பக்கம் தள்ளிவிட்டு, முரண்பாடு தீரும்வரை இதில் கைவைக்க முடியாது என்று சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன் என்று இன்றும் என்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். அவர் வாதாடவில்லை, தாள்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுவாரம், யூத நல அமைப்பு ஒன்றில் பல ஆண்டு வேலை செய்த அம்மையார் ஒருவருடன் திரும்பி வந்தார். அந்த அம்மையார் என்னைத் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் செய்ததெல்லாம், இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்கியதுதான். 1944இல் முகாம் வாசலில் வேலைக்கு ஆகாத சிறுவர்களைக் கொல்ல ஒதுக்கினார்கள். பதினாறு வயதுப் பையன் பதினெட்டு என்று சொல்லிப் பிழைத்தான். 1945இல் பிரிட்டன் ஆயிரம் அனாதைக் குழந்தைகளை வரவிட ஒப்புக்கொண்டது, ஆனால் பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களை மட்டும்; இப்போது அதே பையன் வயதைக் குறைத்துச் சொன்னான். இரண்டு பொய்களும் அரசாங்கத் தாளில் ஏறிவிட்டன, உண்மை மட்டும் எந்தத் தாளிலும் இல்லை. அந்த அம்மையாருக்கு இது புதிய கதையே அன்று; இப்படிப்பட்ட விண்ணப்பங்களுக்கு எந்த வாசகத்தில் விளக்கக் கடிதம் எழுத வேண்டும் என்பதுகூட அவருக்கு மனப்பாடம்.

என் சொந்தத் தந்தைக்குப் பள்ளித் தலைமையாசிரியர் போட்டுக் கொடுத்த ஜூன் மாதப் பிறந்த நாள்தான் கடைசிவரை அரசுப் பதிவில் இருந்தது என்பது எனக்கு வீட்டுக்குத் திரும்பும்போதுதான் நினைவுக்கு வந்தது.

அதன்பிறகுதான், அப்படிப் பிரிட்டனுக்கு வந்த பிள்ளைகளில் ஒருவரான பென் ஹெல்ஃப்காட் என்பவரைப் பற்றித் தேடிப் படித்தேன். 1929இல் போலந்தில் பிறந்தவர்; பன்னிரண்டு வயதில் பியோட்ர்கூவ் ஊரின் கண்ணாடித் தொழிற்சாலையில் உழைத்தவர்; தாயையும் ஒரு தங்கையையும் சுட்டுக் கொன்றார்கள்; தந்தை போர் முடியும் தறுவாயில் கொல்லப்பட்டார்; மாலா என்ற தங்கை மட்டும் எஞ்சினார். 1945 ஆகஸ்டில், குண்டுவீச்சு விமானங்களில் ஏற்றி இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரிப் பகுதிக்குக் கொண்டுவரப்பட்ட சுமார் முந்நூறு பிள்ளைகளில் இவரும் ஒருவர். ஆயிரம் பேருக்கு அனுமதி இருந்தும், மொத்தத்தில் 732 பேரைத்தான் திரட்ட முடிந்தது என்பதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். அவர்களின் செலவை அரசு ஏற்கவில்லை. பிரிட்டனின் யூத நிதியம்தான் ஏற்றது. நீங்கள் குறுகிய மனப்பான்மை என்று கேட்பது அந்த வேலையைத்தான்.

ஹெல்ஃப்காட் பளு தூக்கும் வீரராகி, 1956இல் மெல்போர்னிலும் 1960இல் ரோமிலும் பிரிட்டிஷ் ஒலிம்பிக் பளு தூக்கும் அணிக்குத் தலைமை தாங்கினார். அந்தப் புகழோடு நின்றிருக்கலாம். ஆனால், கூட வந்தவர்கள் 1963இல் தமக்குள் தொடங்கிய ’45 உதவிச் சங்கத்தை நெடுங்காலம் தலைவராக இருந்து நடத்தினார். உற்றார் எவரும் இல்லாதவர்களுக்கு அந்தச் சங்கமே உறவாக நின்றது. அதே மனிதர் போலந்துக்காரர்களுக்கும் யூதர்களுக்கும் இடையே நல்லுறவு ஏற்படவும் பாடுபட்டார்; 2018இல் சர் பட்டம் பெற்றார்; 2023இல் மறைந்தார். எல்லா யூத நல அமைப்பும் குறையற்றது என்று நான் சொல்ல வரவில்லை, அப்படி எந்த அமைப்பும் இல்லை. ஆனால் என்னைப் போன்ற நடுநிலைத் தன்னார்வலன் பொய் என்று ஒதுக்கிய தாளை, அவர்களுக்குள் இருந்த ஒருவர்தான் படிக்கத் தெரிந்தவராக இருந்தார்.

விளக்கக் கடிதத்தை அன்று நான் தட்டச்சு செய்தேன். முடித்ததும், பிரிட்டிஷ் ஓய்வூதியம் எந்த வயதைக் கணக்கில் கொண்டு கிடைத்தது என்று அந்த முதியவரிடம் கேட்டேன். 1993இல் அறுபத்தைந்து வயது நிறைந்தும், சான்றிதழில் இருந்த 1930ஐ நம்பி 1995 வரை வேலைக்குப் போய்க்கொண்டிருந்ததாகச் சொல்லிவிட்டு, கையெழுத்திடப் பேனாவைக் கேட்டார்.