நெருங்கி நிற்கும் 7 வயதுத் தேக்கு: மொத்தமாக வெட்டுவதா, கலைத்துவிடுவதா?

கேள்வி: 2 ஹெக்டேரில் 2 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில் 5,000 தேக்கு நட்டேன். இப்போது 7 வயது. 4,200 மரங்கள் நிற்கின்றன. மார்பளவு உயரத்தில் சராசரிச் சுற்றளவு 36 செ.மீ. இரண்டு வருடமாகப் பருமன் ஏறவில்லை, உச்சியில் மட்டும்தான் இலை இருக்கிறது. மர வியாபாரி ஒருவர், மொத்தமாக வெட்டிக் கொடுங்கள், இல்லாவிட்டால் பருத்த மரங்களை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். ஏற்றுமதி செய்பவர் ஒருவர் சான்றிதழ் கேட்கிறார், ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகள் வரை பேசுகிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: வியாபாரி சொன்ன இரண்டில் எதையும் செய்யாதீர்கள். உங்கள் தோட்டத்துக்குத் தேவை கலைப்பு, அதாவது சில மரங்களை எடுத்துவிட்டு நிற்கும் நல்ல மரங்களுக்கு இடம் விடுவது. வரும் இலையுதிர் காலத்திலேயே செய்ய வேண்டும்.

ஏன் என்பதை உங்கள் கணக்கிலேயே பார்க்கலாம். 36 செ.மீ. சுற்றளவுள்ள ஒரு மரத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 0.0103 சதுர மீட்டர். ஹெக்டேருக்கு 2,100 மரம் என்றால் மொத்தம் 21.7 சதுர மீட்டர். தேக்கில் இது 20-ஐத் தாண்டினாலே மரத்துக்கு மரம் போட்டி முற்றிவிட்டது என்று பொருள். உயரத்தில் 40 சதவீதமாவது பச்சைக் கிளையாக இருந்தால்தான் தண்டு பருக்கும். உங்களுடையதில் கீழ்க்கிளைகள் நிழலில் காய்ந்து, இலை உச்சிக்கு ஏறிவிட்டது. இந்த நிலையில் எரு வைத்தாலும் தண்ணீர் விட்டாலும் பருமன் கூடாது, வெளிச்சத்துக்குத்தான் பஞ்சம்.

பருத்த மரங்களை மட்டும் எடுப்பது தோட்டத்தையே கெடுத்துவிடும். வேகமாக வளர்ந்தவை போய், நோஞ்சானும் கோணலும் கவையும் மிஞ்சும். அவற்றில் பல, இனி எவ்வளவு வெளிச்சம் கொடுத்தாலும் தேறாது. மொத்தமாக வெட்டுவதும் நஷ்டம்தான். 7 வயதில் தண்டின் பெரும்பகுதி வெள்ளை, அதாவது வெளிப்புறத்து இளமரம். வைரம், அதாவது முதிர்ந்த உள்மரம், நடுவில் கொஞ்சம்தான் பாய்ந்திருக்கும். தேக்குக்கு இருக்கும் மதிப்பெல்லாம் வைரத்துக்கு. வெள்ளைப் பகுதியைச் சாதாரண மரம்போலவே பூச்சி அரிக்கும்.

ஹெக்டேருக்குச் சுமார் 1,000 மரங்களை எடுத்து 1,100-ஐ நிறுத்துங்கள். எடுப்பவை சராசரியாக 31 செ.மீ. சுற்றளவுள்ளவையாக இருந்தால் மிஞ்சும் பரப்பு 14 சதுர மீட்டர் வரும். அது சரியான அளவு. பாதிக்கு மேல் ஒரே தடவையில் எடுக்காதீர்கள். நெருக்கத்தில் வளர்ந்த ஒல்லித் தண்டு திடீரென்று தனித்து நின்றால் காற்றில் வளைந்துவிடும், தண்டு முழுக்கப் போத்தும் (புதுப் பக்கத்தளிர்) வெடிக்கும். காற்று அடிக்கும் பக்கத்து ஓரவரிசையைக் கொஞ்சம் அடர்த்தியாகவே விடுங்கள்.

வெட்ட வேண்டிய மரத்துக்குக் குறி வைக்காதீர்கள். நிற்க வேண்டிய மரத்துக்குப் பெயின்ட் வளையம் போடுங்கள். ஆட்கள் கைக்கு எளிதானதை வெட்டும் பழக்கம் இதில் நின்றுவிடும். இலை இருக்கும்போதே குறி வைத்துவிட வேண்டும், உதிர்ந்தபின் எந்த மரத்தின் தலை நல்லது என்று தெரியாது. நான்கு நான்கு மரமாகக் கட்டம் பிரித்து, கட்டத்துக்கு அதிகபட்சம் இரண்டை நிறுத்துங்கள். ஏற்கெனவே ஒன்று செத்த கட்டத்தில் ஒன்றை மட்டும் எடுத்தால் போதும். நிற்பது நேராக, 6 மீட்டர் வரை கவையில்லாமல், நான்கு பக்கமும் இலைத்தலையோடு இருக்க வேண்டும். தண்டில் துளையோ, துளையிலிருந்து வழியும் மரத்தூளோ தெரிந்தால் அது எவ்வளவு பருத்திருந்தாலும் போகட்டும். தண்டுத் துளைப்பான் உள்ளே இருக்கிறது.

வெட்டுவது வறண்ட காலத்தில். சாறு ஓடும் பருவத்தில் ஒரு மரம் சரியும்போது பக்கத்து மரத்தின் பட்டை உரிந்துவிடும். அடியில் 10 செ.மீ. விட்டுச் சாய்வாக அறுங்கள். தேக்கு அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு வேகமாகக் கிளம்பும். முதல் வருடம் இரண்டு மூன்று தடவை ஒடித்துவிடாவிட்டால் கலைத்த பலன் பாதி போய்விடும். நிறுத்திய மரங்களுக்கு மட்டும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை கவாத்து செய்யுங்கள். அரிவாள் வேண்டாம், ரம்பம் போதும். கிளையடியில் தெரியும் வீக்கத்துக்குச் சற்று வெளியே, குச்சி நீட்டாமல் அறுக்க வேண்டும். வீக்கத்தோடு சேர்த்துச் செதுக்கினால் காயம் ஆறாது. குச்சியை நீட்டி விட்டால் அது செத்த கணுவாக மரத்துக்குள் புதைந்துவிடும். துளைப்பான் இப்படிப்பட்ட காயத்திலும் முட்டையிடும்.

இலை, கொப்பு, முடிந்தால் உரித்த பட்டையையும் நிலத்திலேயே விடுங்கள். தேக்கு சுண்ணாம்புச் சத்தை நிறைய எடுக்கும் மரம், அதில் கணிசமான பங்கு பட்டையில் இருக்கிறது. சருகைக் கொளுத்தவே கூடாது. அகன்ற தேக்கிலையில் சேர்ந்து விழும் பெரிய மழைத்துளி வெறும் தரையை எளிதில் அரித்துவிடும். கலைத்தபின் அடியில் முளைக்கும் புல்லும் செடியும் அந்த அரிப்பைத் தடுக்கும். மரத்தில் ஏறும் கொடிகளை மட்டும் அறுத்தால் போதும்.

இனி விற்பனை. கழித்த மரம் கம்பமாகவும் சிறு அறுப்பாகவும் போகும். அறுத்த பச்சை மரத்தை உடனே போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் முக்கினால் மருந்து ஈரத்தோடு உள்ளே பரவி வெள்ளைப் பகுதியைப் பூச்சியிடமிருந்து காக்கும். ஆனால் மழையில் கரைந்துவிடும், ஆகவே உட்புற வேலைக்கு மட்டுமே.

அளவை விஷயத்தில் ஏமாறாதீர்கள். நடுவில் 30 செ.மீ. சுற்றளவு, 3 மீட்டர் நீளமுள்ள தடியின் உண்மைக் கன அளவு 0.0215 கன மீட்டர். வியாபாரத்தில் பழகிய கால்சுற்றளவு முறையில், அதாவது சுற்றளவை நான்கால் வகுத்து வர்க்கம் எடுத்து நீளத்தால் பெருக்கினால், 0.0169 தான் வரும். பட்டை அரை செ.மீ. கனம் என்று கழித்தால் சுற்றளவு 26.9 ஆகி, அளவு 0.0136-க்கு இறங்கும். மூன்றும் ஒரே தடிதான். எந்த முறை, பட்டையோடா பட்டை நீக்கியா என்பதை எழுத்தில் வாங்கியபின் விலை பேசுங்கள்.

சான்றிதழ் பற்றி. சர்வதேச வெப்பமண்டல மர அமைப்பு, நல்ல முறையில் பேணப்படும் காடுகளிலிருந்து மட்டுமே 2000-க்குள் மரம் வணிகத்துக்கு வரவேண்டும் என்று 1990-லேயே இலக்கு வைத்தது. 2015-இல் வந்த 17 நிலையான வளர்ச்சி இலக்குகளில் 15-ஆவது, காடழிப்பை நிறுத்தச் சொல்கிறது. உங்கள் ஏற்றுமதியாளர் அங்கிருந்துதான் பேசுகிறார். நட்டு வளர்த்த தேக்கு அந்த இலக்குக்கு உதவுவது, இயற்கைக் காட்டின் மேல் இருக்கும் வெட்டுச் சுமையை அது குறைக்கும்போதுதான். இயற்கைக் காட்டை அழித்து நட்டதென்றால் என்ன சான்றிதழ் வாங்கினாலும் அந்த நோக்கம் நிறைவேறாது. எனவே உங்கள் நிலம் நடுவதற்கு முன் என்னவாக இருந்தது என்பதற்கான பழைய நில ஆவணம், பயிர்ப் பதிவு, செயற்கைக்கோள் படம் ஆகியவற்றை முதலில் தேடி எடுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய காடழிப்பு ஒழுங்குமுறையில், 2020 டிசம்பர் 31-க்குப் பின் காடழித்த நிலத்து மரத்துக்கு இடமில்லை. நிலம் இருக்கும் இடத்தை அட்சரேகை, தீர்க்கரேகையாக ஆறு தசம இலக்கம் வரை தர வேண்டும். 4 ஹெக்டேருக்குள் இருப்பதால் உங்களுக்கு ஒரு புள்ளி போதும். மரத்தின் அறிவியல் பெயர் (டெக்டோனா கிராண்டிஸ்), அளவு, வெட்டிய காலம், உள்நாட்டுச் சட்டப்படி வெட்டியதற்கான சான்று இவையும் வேண்டும். இது எஃப்.எஸ்.சி. (காடு நல்ல முறையில் பேணப்படுகிறதா என்று தணிக்கை செய்து தரப்படும் சர்வதேசச் சான்று) போன்ற சான்றிதழிலிருந்து வேறு. ஒன்று இருப்பதால் மற்றது தானாக நிறைவேறாது.

2 ஹெக்டேருக்குத் தனியாகச் சான்றிதழ் வாங்குவது கட்டுப்படியாகாது. இந்த முதல் கலைப்புக்காக வாங்கவே வேண்டாம். 5 வருடச் சான்று, வருடந்தோறும் தணிக்கை என்று செலவு நீளும். பக்கத்து மர விவசாயிகளோடு குழுவாகச் சேர்ந்தால் ஒரே சான்றிதழின் கீழ் வரலாம், தணிக்கையும் மாதிரி எடுத்துத்தான் நடக்கும். ஒன்றை மறக்காதீர்கள்: நீங்கள் சான்று பெற்றிருந்தாலும், இடையில் வாங்கும் வியாபாரிக்கும் அறுப்பு ஆலைக்கும் வழித்தடச் சான்று (சான்று பெற்ற மரத்தைத் தனியாகப் பிரித்துக் கையாள்கிறார்கள் என்பதற்கான சான்று) இல்லையென்றால் அந்த மரம் அங்கேயே சாதாரண மரமாகிவிடும்.

பதிவேட்டை மட்டும் இந்தக் கலைப்பிலேயே தொடங்குங்கள். அடிக்கட்டைக்கு ஒரு எண், அதிலிருந்து அறுத்த ஒவ்வொரு தடிக்கும் அதே எண்ணோடு 1, 2 என்று துணை எண். வெட்டிய தேதி, நீளம், நடுச்சுற்றளவு, வாங்கியவர், அனுமதிச் சீட்டு எண். நிற்கும் மரங்களில் 50-க்கு நிரந்தர எண் போட்டு வருடம் ஒருமுறை அதே உயரத்தில் சுற்றளவு எடுங்கள். பரப்பு மீண்டும் 20 சதுர மீட்டரை எட்டும் வருடம் அடுத்த கலைப்பு. அப்போது ஹெக்டேருக்கு 500 முதல் 600 வரை நிறுத்தலாம்.