பெயர் மறக்கிறது, ஈ.ஈ.ஜி-யில் மந்தம் என்கிறார்கள்

கேள்வி: வயது 67. வங்கியில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு வருடமாக, நன்றாகத் தெரிந்தவர்களின் பெயர்கூட சட்டென்று வாயில் வருவதில்லை. மாடிக்கு ஏறிப்போய் எதற்கு வந்தோம் என்று நிற்கிறேன். ஒரு பரிசோதனை முகாமில் ஈ.ஈ.ஜி எடுத்து, ‘இடது பக்கம் லேசான மந்த அலை’ என்று எழுதிக் கொடுத்தார்கள். என் அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் மறதி நோய் இருந்தது. எனக்கும் அதுதான் ஆரம்பமா? சர்க்கரைக்கு 12 வருடமாக மெட்ஃபார்மின், தூக்கத்துக்கு அல்பிரசோலாம், அரிப்புக்கு இரவில் அவில் சாப்பிடுகிறேன்.
— வாசகர், கும்பகோணம்

பதில்: ஐயா, அந்த ஈ.ஈ.ஜி தாளை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஈ.ஈ.ஜி என்பது மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனை. வலிப்பு இருக்கிறதா என்று பார்க்கத்தான் அது பெரும்பாலும் பயன்படுகிறது. மறதி நோயைக் கண்டுபிடிக்கும் கருவி அல்ல. விழித்தபடி கண்ணை மூடிப் படுத்திருப்பவருக்கு, தலையின் பின்பகுதியில் நொடிக்கு 8 முதல் 13 வரை அலைகள் வரும். அதே ஆள் கொஞ்சம் கண் அசந்தாலே வேகம் குறைந்துவிடும். போதாததற்கு, 60 வயது தாண்டிய பலருக்கு இடது நெற்றிப்பொட்டுப் பகுதியில் விட்டுவிட்டு மந்த அலைகள் வருவதுண்டு. எந்த நோயும் இருக்காது. அல்சைமர் என்ற மறதி நோய் முற்றும்போது அலைகள் மந்தமாகும் என்பது உண்மை. ஆனால் ஆரம்பத்தில் ஈ.ஈ.ஜி சரியாகவே இருக்கலாம். அரை மணி நேரம், ஒரு மணி நேரம் நினைவே இல்லாமல் போய்த் திரும்புவது, அதுவும் தூங்கி எழுந்ததும் அடிக்கடி நடப்பது என்றால் கதை வேறு. அப்போது ஈ.ஈ.ஜி தேவை. நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை.

நீங்கள் சொல்லும் மறதியின் தன்மையைப் பாருங்கள். எதிரே வருபவரின் கடை, ஊர், அவர் மகள் கல்யாணத்துக்குப் போனது எல்லாம் ஞாபகம் வருகிறது, பெயர் மட்டும் வரவில்லை. பிறகு குளிக்கும்போது தானாக வந்து விழுகிறது என்றால், பதிவு அழியவில்லை, எடுப்பதில்தான் தாமதம். வயதானால் இது சகஜம். மாடி விஷயம் கவனம் சிதறுவதால் வருவது. கவலைப்பட வேண்டியது வேறு மாதிரி இருக்கும்: ஒரே கேள்வியை ஒரு மணி நேரத்தில் நாலு முறை கேட்பது, நேற்று வந்துபோன விருந்தாளியையே மறுப்பது, பழகிய தெருவில் வழி தவறுவது, கணக்கரான உங்களுக்குப் பாஸ்புக் கணக்கு பிடிபடாமல் போவது. இவற்றைப் பெரும்பாலும் நோயாளி உணரமாட்டார், வீட்டில் இருப்பவர்தான் சொல்வார். அதனால் உங்கள் மனைவியிடம் கேளுங்கள், மருத்துவரிடம் போகும்போதும் அவரை அழைத்துப் போங்கள். அம்மாவுக்கு முதுமையில் வந்ததால் உங்களுக்கு வாய்ப்பு ஓரளவு கூடும், அவ்வளவுதான்.

எனக்குக் கவலை தருவது உங்கள் மாத்திரைப் பைதான்.

நினைவைப் பதியவைக்க மூளைக்கு அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் தேவை. அவில் அதன் வேலையைத் தடுக்கிறது. மறதி நோய்க்குக் கொடுக்கும் டோனெபெசில் அதே பொருளைக் கூட்டத்தான் கொடுக்கப்படுகிறது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டு ‘மருந்து கேட்கவில்லை’ என்று வருபவர்கள் உண்டு. உங்கள் வயதில் அவில் தினசரி மாத்திரை அல்ல. அரிப்புக்குக் காரணம் பார்த்து, மாற்று மருந்து கேளுங்கள். சிறுநீர் அவசரத்துக்குத் தரும் ஆக்சிபியூட்டினின், நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின் ஆகியவையும் இதே ரகம். அல்பிரசோலாம் புதிதாகக் கேட்டதைப் பதியவிடாமல் செய்யும், இரவில் விழவும் வைக்கும். ஆனால் அதை நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று விட்டால் தூக்கம் அறவே போகும், வலிப்புகூட வரலாம். எழுதிக் கொடுத்த மருத்துவர் சொல்லும் அளவில், வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிட்டால் குடலில் பி12 சத்து உறிஞ்சப்படுவது குறையும். சைவச் சாப்பாடு என்றால் இன்னும் மோசம். பாதத்தில் மரத்துப்போவதைச் சர்க்கரை என்று விட்டுவிடுவோம். பி12 குறைவாகவும் இருக்கலாம். ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 200 பிக்கோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு. 200-க்கும் 300-க்கும் இடையே என்றால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். ஒன்று முக்கியம்: பி12 ஊசியோ சத்து மாத்திரையோ போட்டுக்கொண்டு பரிசோதனைக்குப் போகாதீர்கள், அளவு பொய்யாக ஏறிக் காட்டும். தைராய்டுக்கு டி.எஸ்.எச், சோடியம், ரத்த எண்ணிக்கை, சிறுநீரகச் சோதனை ஆகியவற்றையும் சேர்த்தே எடுக்கச் சொல்லுங்கள். இன்சுலினோ கிளிமிபிரைடோ உண்டென்றால், சர்க்கரை தாழ்ந்து குழம்புகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

காதையும் சோதியுங்கள். சரியாகக் கேட்காத பெயர் எப்படி ஞாபகத்தில் நிற்கும்? பலமாகக் குறட்டை விட்டுப் பகலில் தூங்கி வழிகிறீர்களா, ஓய்வுக்குப் பிறகு எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறதா என்பதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்தாலே மறதி விலகுபவர்கள் நிறைய.

பிறகுதான் நினைவாற்றல் தேர்வு. கடிகாரம் வரைந்து 11 மணி 10 நிமிடம் காட்டச் சொல்வார்கள், ஐந்து சொற்களைச் சொல்லிச் சற்று நேரம் கழித்துக் கேட்பார்கள். தமிழில் நடத்தச் சொல்லுங்கள். கண்ணாடியை மறக்காமல் எடுத்துப் போங்கள். எம்.ஆர்.ஐ வேண்டுமா என்பது அதன்பின் முடிவாகட்டும். ஆனால் தலையில் சிறு அடிபட்டு, சில வாரங்களில் தலைவலியும் குழப்பமும் கூடினால் அன்றே ஸ்கேன் வேண்டும்; மண்டையோட்டுக்குள் மெல்ல ரத்தம் கசிந்து சேர்ந்திருக்கலாம். கால் தரையோடு ஒட்டியதுபோல் தேய்த்து நடப்பதும், சிறுநீர் அடங்காததும் மறதியோடு சேர்ந்தால் அதையும் தள்ளிப்போடாதீர்கள்.

அதுவரை ஒரு 40 பக்க நோட்டு போடுங்கள். இரண்டு வாரம், மறந்தது என்ன, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், பிறகு ஞாபகம் வந்ததா என்று நாலு கட்டம். ‘வந்தது’ என்று அடிக்கடி எழுதினால் நல்ல செய்தி. கேஸை மூடும்போது வாய்விட்டு ‘மூடிட்டேன்’ என்று சொல்லுங்கள். புதிதாகச் சந்திப்பவரின் பெயரை அங்கேயே ஒரு முறை சொல்லிக் கூப்பிட்டு, ஐந்து நிமிடம் கழித்து மனசுக்குள் இன்னொரு முறை சொல்லிப் பாருங்கள். நோட்டையும், வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டு மருத்துவர் மேஜையில் கொட்டுங்கள். பழைய ஈ.ஈ.ஜி தாள் அந்தப் பையின் அடியில் இருந்தால் போதும்.