இந்த எடையிலேயே உங்களுக்குச் சிகிச்சை வேண்டும்

கேள்வி: என் வயது 38. உயரம் 158 செ.மீ., எடை 112 கிலோ. சில மாதங்களாக வலது முழங்கால் வலிக்கிறது. மார்புக்குக் கீழும் அடிவயிற்று மடிப்பிலும் சிவந்து அரிக்கிறது. இரண்டையும் காட்ட ஒரு டாக்டரிடம் போனேன். தொட்டுக்கூடப் பார்க்காமல், "முதலில் எடையைக் குறையுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று அனுப்பிவிட்டார். அங்கே செவிலியர் பிரஷர் பார்த்தபோது பட்டை என் கையில் ஒட்டாமல் பிரிந்துகொண்டே இருந்தது. கடைசியில் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு பார்த்துவிட்டு 158/96 என்று எழுதினார். அதன் பிறகு எந்த டாக்டரிடமும் நான் போகவில்லை. என்னைப் போன்ற உடல்வாகு கொண்ட சில பெண்கள் குழுவாகப் பேசிக்கொள்கிறோம். எங்கே கைப்பிடி இல்லாத நாற்காலி கிடைக்கும், தொடை உரசாமல் நடப்பது எப்படி என்பதெல்லாம் அவர்களிடம்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் குழுவில் மூத்தவர் ஒருவர், "டாக்டர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான், பிரஷர் மாத்திரையெல்லாம் வேண்டாம்" என்கிறார். என் அக்காவோ, "எல்லோரும் சேர்ந்து உங்களையே ஏமாற்றிக்கொள்கிறீர்கள்" என்கிறாள். யார் சொல்வது சரி?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அக்கா சொல்வதும் சரியில்லை, குழுவில் மூத்தவர் சொல்வதும் சரியில்லை. அந்த டாக்டர் செய்தது இரண்டையும்விட மோசம். முழங்கால் வலி என்று வருபவரின் முழங்காலைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவ மாணவர்களின் தொடக்கப் பாடம். அந்தப் பாடத்தில் எடை வரம்பு எதுவும் எழுதப்படவில்லை.

உங்களுக்கு இன்று, இந்த 112 கிலோவிலேயே, சிகிச்சை வேண்டும். எடை குறைந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் தள்ளிப்போட்டதும் தவறு, அவருக்குப் பயந்து நீங்கள் தள்ளிப்போடுவதும் ஆபத்து.

முதலில் அந்த 158/96. அதை நம்பவும் முடியாது, தள்ளிவிடவும் முடியாது. பிரஷர் பார்க்கும் பட்டைக்குள் காற்று நிரம்பும் ஒரு பை இருக்கிறது. அது மேல்கையின் சுற்றளவில் ஏறத்தாழ 80 சதவீதத்தைச் சுற்றி வர வேண்டும். பட்டை சிறியதாக இருந்தால் ரத்தக் குழாயை அமுக்க அதிக அழுத்தம் தேவைப்படும், கருவி அதையே உங்கள் ரத்த அழுத்தமாகக் காட்டிவிடும். கை எவ்வளவு பெரிதோ, பிழையும் அவ்வளவு பெரிது. 2023இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டியபோது மேல் அளவு சராசரியாக 20 புள்ளி வரை கூடுதலாகக் காட்டியது. அந்தக் கணக்கில் உங்கள் 158 உண்மையில் 140க்குக் கீழேகூட இருக்கலாம். பட்டையைக் கையால் அழுத்திப் பிடித்து எடுத்த அளவை நான் எந்த நோயாளியின் கோப்பிலும் எழுத விடமாட்டேன்.

தையல் நாடா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் மேல்கையைச் சுற்றி அளந்து பாருங்கள். 27 முதல் 34 செ.மீ. வரை சாதாரணப் பட்டை, 35 முதல் 44 வரை பெரிய பட்டை, அதற்கு மேல் மிகப் பெரிய பட்டை. கருவிக்குக் கருவி இந்த எல்லைகள் கொஞ்சம் மாறும், பட்டையின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். உங்கள் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை கையை நீட்டுவதற்கு முன்பே, "எனக்குப் பெரிய பட்டை வேண்டும்" என்று சொல்லுங்கள். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. பொருத்தமான பட்டை வைத்திருக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. முடிந்தால் பெரிய பட்டையுள்ள கருவி ஒன்றை வீட்டுக்கே வாங்கிவிடுங்கள். ஐந்து நிமிடம் பேசாமல், முதுகு சாய்ந்து, கால்களைத் தரையில் ஊன்றி, கையை இதயத்தின் மட்டத்தில் வைத்து உட்காருங்கள். காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என ஒரு வாரம் எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மற்ற நாள்களின் சராசரியைப் பாருங்கள். வீட்டில் எடுத்த சராசரி 135/85ஐத் தாண்டினால் உங்களுக்கு உண்மையிலேயே ரத்த அழுத்தம் இருக்கிறது. அப்போது மாத்திரை தேவையா என்பதை ஒரு டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், குழுவின் மூத்தவர் அல்ல. இடையில் எப்போதாவது 180/120க்கு மேல் காட்டி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் ஏதேனும் இருந்தால் எழுதிக்கொண்டிருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அடுத்து, மடிப்பில் அரிப்பு. இதைப் பலர் வெட்கத்தால் எழுதுவதே இல்லை, நீங்கள் எழுதியதற்கு நன்றி. தோலும் தோலும் உரசி, வியர்வை தங்கி, காற்றுப் படாத இடத்தில் புண்ணாகிறது. அதன் மேல் பூஞ்சை வளர்கிறது. அழுக்குக்கும் சோம்பலுக்கும் இதில் சம்பந்தமில்லை, தினமும் இரண்டு முறை குளிப்பவர்களுக்கும் வரும். சிவப்பின் ஓரத்தைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளிகளாகச் சிதறியிருந்தால் பெரும்பாலும் கேண்டிடா என்ற பூஞ்சைதான். குளோட்ரிமசோல் அல்லது மைக்கோனசோல் கிரீமை மெல்லியதாக, காலையும் இரவும், இரண்டு முதல் நான்கு வாரம் தடவ வேண்டும். அரிப்பு நின்ற அன்றே நிறுத்தினால் திரும்ப வரும். மருந்துக் கடையில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் ஸ்டீராய்டு கலந்த கிரீம்களைத் தொடாதீர்கள். இரண்டு நாளில் அரிப்பை அடக்கிவிட்டு, பூஞ்சையை உள்ளே பரவ விடும், தோலையும் மெலிய வைக்கும்.

குளித்த பிறகு மடிப்பைத் தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். முடி உலர்த்தும் கருவியைக் குளிர்காற்றில் வைத்துக் காட்டினால் இன்னும் நல்லது. பகலில் மெல்லிய பருத்தித் துணியை மடிப்புக்குள் வைத்து, நனைந்ததும் மாற்றுங்கள். புண் ஆறிய பிறகு துத்தநாக ஆக்சைடு கிரீம் ஒரு காப்புப் படலமாக இருக்கும். தொடை உரசலுக்கு வாசலைனோ, முழங்கால் வரை வரும் உள்ளாடையோ போதும், குழுவில் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். மடிப்புகளில் பவுடர் மட்டும் வேண்டாம், வியர்வையோடு கட்டியாகி அதுவே உரசும். குனிந்து எட்டாத இடங்களைக் கழுவ நீளக் கைப்பிடியுள்ள பஞ்சும் கையில் பிடிக்கும் ஷவரும் வாங்குங்கள். புண் சூடாகி, சிவப்பு வேகமாகப் பரவி, காய்ச்சல் வந்தால் அது வேறு தொற்று, அன்றே காட்ட வேண்டும். அடிக்கடி திரும்பத் திரும்ப வந்தால் ரத்தச் சர்க்கரை பார்க்க வேண்டும். உங்களுக்கு எப்படியும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

முழங்காலைப் பற்றி நான் மழுப்பப் போவதில்லை. எடைக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. முழங்கால் தேய்மானம் உள்ளவர்களிடம் செய்த ஆய்வில், ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறைவதாகக் கண்டார்கள். ஆனால் தேய்மானம்தானா, சவ்வு கிழிந்திருக்கிறதா, மூட்டு வாதமா என்று பார்க்காமலே எடையின் மேல் பழியைப் போடுவது சோம்பேறித்தனம். ஒல்லியாக இருப்பவர்களுக்கும் இதெல்லாம் வருகிறது. அவர்களுக்குச் சொல்வது போல உங்களுக்கும் பரிசோதனை, தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி, தேவைப்பட்டால் வலி மருந்து என்று சொல்ல வேண்டும். உட்கார்ந்தபடியே காலை நீட்டி, பத்து எண்ணும் வரை நிறுத்தி, மெதுவாக இறக்கும் பயிற்சியை இன்றே தொடங்கலாம். தண்ணீருக்குள் நடப்பது முழங்காலுக்குப் பெரிய நிம்மதி. எடை ஒரு கிராம்கூடக் குறையாவிட்டாலும் உடற்பயிற்சியால் ரத்த அழுத்தம், சர்க்கரை, தூக்கம் எல்லாம் மேம்படும். இதை நோயாளிகளிடம் சொன்னால் நம்பாமல் பார்க்கிறார்கள். அவ்வளவு காலமாக எடைக் கருவியின் முள்ளை மட்டுமே காட்டிப் பயமுறுத்தி வைத்திருக்கிறோம்.

அடுத்த டாக்டரிடம் போகும்போது இந்த ஒரு வாக்கியத்தை எடுத்துப் போங்கள்: "இதே வலியோடு ஒல்லியான ஒருவர் வந்தால் என்ன செய்வீர்களோ, அதை எனக்கும் செய்யுங்கள், டாக்டர்." கோபமாகச் சொல்ல வேண்டியதில்லை. எடை பார்க்கும்போது எண்ணை உரக்கச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்கலாம். மயக்க மருந்து, சில மருந்துகளின் அளவு, கர்ப்பம், இதயச் செயலிழப்பு ஆகியவற்றுக்கு எடை தேவைப்படும், அப்போது மறுக்காதீர்கள். ஸ்கேன் எழுதிக் கொடுத்தால் முன்கூட்டியே தொலைபேசியில் கேளுங்கள்: மேசை எவ்வளவு எடை தாங்கும், எம்.ஆர்.ஐ. குழாயின் அகலம் 60 செ.மீ.யா, 70 செ.மீ.யா? அங்கே போய்த் திரும்பி வருவதைவிட இது மேல். தசையில் போடும் தடுப்பூசிக்கும் நீளமான ஊசி தேவைப்படலாம். 90 கிலோவுக்கு மேற்பட்ட பெண்களுக்கு 38 மி.மீ. ஊசி பரிந்துரைக்கப்படுகிறது. குட்டை ஊசி கொழுப்போடு நின்றுவிடும்.

இனி அக்காவுக்கு. எடை என்பது மனவுறுதிக் கணக்கு மட்டும் என்று அவர் நினைக்கிறார் போலும். கொழுப்பணுக்கள் சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் 1994இல் கண்டுபிடிக்கப்பட்டது. எடை குறையும்போது அது சரிந்து, பசியைத் தூண்டும் கிரெலின் ஏறுகிறது. 2011இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், எடை குறைத்தவர்களுக்கு ஓராண்டு கழித்தும் இந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பரம்பரைக்குப் பெரும் பங்கு உண்டு. தைராய்டு குறைபாடு, சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி, சில மனநல மருந்துகள், ஸ்டீராய்டு இவையும் உண்டு. கால்கள் மட்டும் இருபுறமும் ஒரே மாதிரி தடித்து, தொட்டால் வலித்து, எளிதில் கன்றிப்போய், பாதம் மட்டும் பருக்காமல் இருந்தால் அது லிப்பிடீமா என்ற வேறு நோய். பட்டினி கிடந்து அதைக் கரைக்க முடியாது. உருவத்தைக் கேலி செய்வதால் யாரும் மெலிவதில்லை. அவமானப்பட்டவர்கள் மருத்துவமனையைத் தவிர்க்கிறார்கள், உங்களைப் போல. எடையை வைத்து நோயாளிகளை இழிவுபடுத்துவதை நிறுத்த வேண்டும் என்று 2020இல் பல நாட்டு மருத்துவ நிபுணர்கள் கூட்டறிக்கையே வெளியிட்டார்கள்.

உங்கள் குழுவை விடாதீர்கள். அமெரிக்காவில் 1969இலேயே பருத்த உடல் கொண்டவர்களின் உரிமைக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். 2023இல் நியூயார்க் நகரம் எடையையும் உயரத்தையும் வைத்து வேலையிலோ வீட்டு வாடகையிலோ பாகுபாடு காட்டுவதைத் தடை செய்தது. ஒருவருக்கொருவர் கைகொடுத்தவர்களால்தான் இந்த அளவுக்காவது வந்திருக்கிறது. எந்த நாற்காலி தாங்கும், விமானத்தில் நீட்டிப்பு பெல்ட்டை எப்படிக் கேட்பது, எந்த டாக்டர் தொட்டுப் பார்ப்பார் என்பதெல்லாம் எங்கள் பாடநூலில் கிடையாது. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவர்களில் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் நீங்கள் கேட்க நினைத்ததைக் கேட்பீர்கள், டாக்டரும் கொஞ்சம் பார்த்துப் பேசுவார்.

ஆனால் இரண்டு எல்லைகள் வேண்டும். ஒருவரின் மாத்திரையை நிறுத்தச் சொல்லவும், தன் மாத்திரையைக் கொடுக்கவும் குழுவில் யாருக்கும் உரிமை இல்லை. அதேபோல, உங்களில் ஒருவர் எடை குறைக்க விரும்பினால் அவரைத் துரோகி போலப் பார்க்காதீர்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. உங்களுக்குச் சுமார் 45. இந்த நிலையில் மருந்தும் அறுவைச் சிகிச்சையும் முறையான சிகிச்சைகள்தான். பசியைக் குறைக்கும் செமக்ளூடைட் என்ற மருந்தின் ஊசி ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. நிறுத்தியவர்களுக்கு ஓராண்டில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. இரண்டையும் தெரிந்துகொண்டு, விருப்பமிருந்தால் போகலாம், இல்லாவிட்டால் வேண்டாம். உங்கள் உடல், உங்கள் முடிவு.

குழுவிடம் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாதவை சில உண்டு. ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கமும் வலியும் வந்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம், அன்றே போக வேண்டும். குறட்டையோடு இடையிடையே மூச்சு நின்று, பகலில் கண் சொருகினால் தூக்கப் பரிசோதனை தேவை, அது ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். மாதவிடாய் பல மாதம் தவறி வந்தாலோ, இடையில் ரத்தம் பட்டாலோ கருப்பையின் உட்சுவரைப் பரிசோதிக்க வேண்டும். பருத்த உடலில் அங்கே புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுதல், சீக்கிரம் கண்டால் குணமாவதும் அதிகம். கருப்பை வாய்ப் பரிசோதனையைக் கடைசியாக எப்போது செய்தீர்கள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. செய்திருக்காவிட்டால், முழங்காலைக் காட்டப் போகிற அன்றே அதற்கும் நாள் கேட்டுவிடுங்கள்.