கல் கட்டடத்தைப் பார்த்து முன்பணம் கட்டலாமா?

கேள்வி: நான் சேலம் அம்மாபேட்டையில் கைத்தறி நெய்கிறேன். பாப்பா பிளஸ் டூ முடித்துவிட்டாள். டிசைன்தான் படிப்பேன் என்று ஒரே பிடிவாதம். நாலு ரோடு பக்கம் ஒரு கன்சல்டன்சியில் விசாரித்தோம். வெளிநாட்டில் உள்ள கலை, வடிவமைப்புப் பல்கலைக்கழகம் ஒன்றின் கையேட்டைக் காட்டினார்கள். 170 வருடப் பாரம்பரியம் என்று போட்டிருக்கிறது. கோட்டை மாதிரிக் கல் கட்டடம். முதல் இரண்டு வருடம் இங்கேயே அவர்களுடைய ஸ்டடி சென்டரில், கடைசி வருடம் அங்கே என்கிறார்கள். சீட் பிளாக் செய்ய 60,000 ரூபாயும் பாப்பாவின் ஒரிஜினல் சான்றிதழ்களும் திங்கட்கிழமைக்குள் வேண்டுமாம். இவ்வளவு பழைய யுனிவர்சிட்டி ஏமாற்றாது என்கிறார் என் மச்சான். கட்டலாமா அய்யா?

பதில்: கட்டாதீர்கள். ஒரிஜினலையும் கொடுக்காதீர்கள். காரணங்களைக் கீழே சொல்கிறேன். நேரமில்லை என்றால் இந்த இரண்டு வரியே போதும்.

உங்கள் மச்சான் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். என்னிடம் கேட்க வருகிற அப்பாக்களில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு மச்சான் இருக்கிறார். பல்கலைக்கழகம் பழசு, அதனால் ஏமாற்றாது. சரி, ஏமாற்றாது என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள் பணம் கட்டப் போவது பல்கலைக்கழகத்துக்கா? ரசீதில் யார் பெயர் இருக்கும், பணம் யார் கணக்குக்குப் போகும் என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கல் கட்டடத்துக்கும் நாலு ரோட்டு மாடி அறைக்கும் என்ன ஒப்பந்தம், அதன் நகல் எங்கே என்றும் கேளுங்கள். பதிலுக்கு அதே கையேட்டைத்தான் மறுபடியும் நீட்டுவார்கள்.

அப்புறம், அந்த 170 எதனுடைய வயது? கலைக் கல்லூரியின் வயதை ஒரு பொய்யும் சொல்லாமல் நாலு விதமாகச் சொல்லலாம். லண்டன் கலைப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையேட்டில் இருப்பது அதுவல்ல. நல்ல இடம் என்பதால்தான் உதாரணத்துக்கு எடுக்கிறேன். அதன் கல்லூரிகளில் ஒன்று சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ். செயின்ட் மார்ட்டின்ஸ் ஓவியப் பள்ளி தொடங்கியது 1854-ல், சென்ட்ரல் ஸ்கூல் 1896-ல், இரண்டையும் ஒன்றாக்கியது 1989-ல். இதற்கிடையே 1986-ல் லண்டனின் பல கலைக் கல்லூரிகளைச் சேர்த்து லண்டன் இன்ஸ்டிடியூட் என்று ஓர் அமைப்பை உண்டாக்கினார்கள். அதற்குப் பல்கலைக்கழக அந்தஸ்து கிடைத்தது 2003-ல், இன்றைய பெயர் வந்தது 2004-ல். 170 வயது என்றாலும் உண்மை, இருபது சொச்சம் என்றாலும் உண்மை. விற்கிறவர் எதைச் சொல்வார்?

கட்டடத்தின் கதை இன்னும் வேடிக்கை. சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் இன்று இருக்கும் லண்டன் கிங்ஸ் கிராஸ் வளாகத்தின் முகப்புக் கட்டடம் 1852-ல் தானியக் கிடங்காகக் கட்டியது. கோதுமை மூட்டை அடுக்கிய இடம். கல்லூரி அதற்குள் குடிபோனது 2011-ல்தான். அதே பல்கலைக்கழகத்தின் செல்சீ கல்லூரி நடப்பது பழைய ராணுவ மருத்துவக் கல்லூரிக் கட்டடத்தில். படத்தில் தெரியும் தூணுக்கும் உள்ளே நடக்கும் பாடத்துக்கும் எந்தச் சொந்தமும் இருக்க வேண்டியதில்லை.

நம் ஊரிலும் இதே கணக்குதான். சென்னை பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரியை 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தன் சொந்த முயற்சியில் ஓவியப் பள்ளியாகத் தொடங்கினார். இரண்டே வருடத்தில் அரசு எடுத்துக்கொண்டது. மெரினாவில் உழைப்பாளர் சிலை பார்த்திருப்பீர்கள். அதைச் செய்த ராய் சௌத்ரி அங்கே 1929-ல் பொறுப்பேற்று 1957 வரை முதல்வராக இருந்தவர். அடுத்து வந்த கே.சி.எஸ். பணிக்கர்தான் 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கியவர். இத்தனை வரலாறு உள்ள கல்லூரி இன்று இணைந்திருக்கும் இசை, கவின்கலைப் பல்கலைக்கழகம் பிறந்தது 2013-ல்! கல்லூரிக்கு வயது 170-க்கு மேல், பட்டம் தருகிற பல்கலைக்கழகம் இன்னும் பள்ளிக்கூடப் பிள்ளை. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் பட்டத்துக்குக் கையெழுத்துப் போடுவது எது, அது எந்த வருடம் பிறந்தது என்பதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

பழசு என்றால் நாளைக்கும் இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். அமெரிக்காவில் பிலடெல்பியா கலைப் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருந்தது. வேர் 1876-ல். நகரத்தின் பிரதான வீதியில் கிரேக்கக் கோயில் மாதிரித் தூண் வைத்த கட்டடம். 2024 மே கடைசி நாள் மூடப்போகிறோம் என்று செய்தி வந்தது, ஜூன் 7-ம் தேதி மூடிவிட்டார்கள். ஒரே வாரம். ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் நடுத்தெருவில் நின்றார்கள். அவ்வளவு தூரம் எதற்கு? ஏற்காடு ரோட்டில் போகும்போது மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவைப் பார்க்கிறோம். 1935-ல் தொடங்கிய கம்பெனி. வளைவு ஜம்மென்று நிற்கிறது. அதற்குள்ளே போய் சினிமாவில் சான்ஸ் கேட்க முடியுமா?

வளாகம் பார்க்கிற விதம் வேறு. போன கோடை விழா சமயத்தில் ஏற்காட்டில் ஒரு விடுதி ஹாலில் ஸ்பாட் அட்மிஷன் மேளா போட்டார்கள். நானும் போய்ப் பார்த்தேன். வருகிறவர் கண்ணில் ஒரு பெரிய கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிடுகிறார்கள். அதற்குள் வளாகம் தெரியும், தலையைத் திருப்பினால் மரம், படிக்கட்டு, நூலகம் எல்லாம் சுற்றும். வாழவந்தியிலிருந்து வந்த காப்பித் தோட்டக்காரர் ஒருவர் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே சுற்றிப் பார்த்தார். கழற்றியதும் முதலில் கேட்டது, "இதில் பசங்க வேலை செய்யற இடம் எங்கீங்க?" அந்தக் கேள்விக்கு அங்கே இருந்த டை கட்டிய தம்பிக்குப் பதில் தெரியவில்லை.

டிசைன் படிப்பில் அசல் வகுப்பறை பட்டறைதான். மரப்பட்டறை, உலோகப் பட்டறை, சூளை, அச்சு இயந்திரம், தறி. சில வருடம் முன்பு பக்கத்து வீட்டுப் பையனுக்காக ஒரு தனியார் டிசைன் கல்லூரிக்குப் போயிருந்தேன். பேர் வேண்டாம். வரவேற்பறையில் கிரானைட்டில் முகம் தெரிகிறது. நெசவுக் கூடம் என்று ஓர் அறையைத் திறந்து காட்டினார்கள். ஆறு தறி. நெடுக்கே ஓட வேண்டிய பாவு நூல் ஒன்றில்கூட இல்லை. விழுதுக் கயிற்றில் மடிப்புக்கூடக் கலையவில்லை, ஊடு நூலை ஓட்டும் நாடா பாலித்தீன் உறைக்குள்ளேயே இருந்தது. சூளையைத் திறக்கச் சொன்னேன், சாவி வைத்திருப்பவர் லீவு என்றார்கள். இதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பாவு ஏறாத தறியைப் பார்த்தால் அந்த வீட்டில் என்ன நிலைமை என்று அம்மாபேட்டையில் குழந்தைக்கும் தெரியும். கையேட்டில் பட்டறைப் படம் இருந்தால் தரையைப் பாருங்கள். மரத்தூள், நூல் துணுக்கு, வண்ணச் சொட்டு ஏதாவது கிடக்கிறதா? படமே இல்லையென்றால் அதுவும் ஒரு பதில்தான்.

இனி ஸ்டடி சென்டர். முக்கியப் பொறி இதுதான். இந்தியாவில் பட்டம் கொடுக்கும் உரிமை 1956-ம் வருட யூ.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டப்படி மூன்று வகைக்கு மட்டும்தான். சட்டமன்றமோ நாடாளுமன்றமோ சட்டம் போட்டு உண்டாக்கிய பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் இங்கே வளாகம் திறக்கலாம், அதற்கு 2023-ல் விதி வந்துவிட்டது. இங்குள்ள கல்லூரியோடு சேர்ந்து பாடம் நடத்தவும் விதி உண்டு, ஆனால் அந்தக் கல்லூரி இங்கே முறையான அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். மாடி அறையை வாடகைக்கு எடுத்துப் பிரான்சைஸ் முறையில், அதாவது பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் வாங்கி நடத்துவதை யூ.ஜி.சி. ஏற்றுக்கொள்வதில்லை. அந்த இரண்டு வருடப் படிப்பு எந்தக் கணக்கிலும் சேராமல் போகலாம்.

இதையெல்லாம் தறியில் உட்கார்ந்திருப்பவர் தேடிப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். யூ.ஜி.சி. போலிப் பல்கலைக்கழகப் பட்டியல் வெளியிடுகிறது, எச்சரிக்கை அறிக்கையும் விடுகிறது. எல்லாம் ஆங்கிலத்தில், இணையதளத்தின் ஏதோ ஒரு மூலையில். கன்சல்டன்சியின் விளம்பரமோ புது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் முப்பதடிக்கு, நல்ல தமிழில். பட்டியலில் ஒரு பேர் ஏறுவதற்குள் மூன்று பேட்ச் பிள்ளைகள் வெளியே வந்துவிடுகிறார்கள். சரி, இதைப் புலம்பி என்ன ஆகப்போகிறது.

இங்கே ஒரு விதிவிலக்கை நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏஜென்ட் உங்களை மடக்கப்போவது இதை வைத்துத்தான். அகமதாபாத் என்.ஐ.டி., அதாவது தேசிய வடிவமைப்பு நிறுவனம். நம் திருச்சி என்.ஐ.டி. வேறு, அது இன்ஜினியரிங். 1958-ல் சார்லஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதி இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். நம் வீட்டுச் செம்பைக் கையில் எடுத்து, இதைவிட அழகான வடிவமைப்பு உண்டா என்று வியந்த அறிக்கை அது. அதையொட்டி 1961-ல் சபர்மதிக் கரையில் இந்த நிறுவனம் வந்தது. நாட்டிலேயே முதல் வரிசை. ஆனால் அது பல்கலைக்கழகம் அல்ல, வணிகம், தொழில் அமைச்சகத்தின் கீழ் இருப்பது. ஐம்பது வருடத்துக்கு மேல் அங்கே படித்தவர்கள் வாங்கியது டிப்ளமோதான். பட்டம் கொடுக்கும் அதிகாரம் 2014-ல் நாடாளுமன்றம் போட்ட தனிச் சட்டத்தால் வந்தது.

இப்போது ஏஜென்ட் சொல்வார்: "என்.ஐ.டி.யே டிப்ளமோதானே கொடுத்தது? யூ.ஜி.சி. பல்கலைக்கழகப் பட்டியலில் அது இருக்கிறதா பாருங்கள்." பாதி உண்மை. பல்கலைக்கழகங்களின் பட்டியலில் தேடினால் கிடைக்காது, தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனங்கள் என்ற தனி வரிசையில்தான் இருக்கும். சென்னை தரமணியில் இருக்கும் நிஃப்ட், அதாவது தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனமும் பல்கலைக்கழகம் அல்ல, ஜவுளி அமைச்சகத்தின் கீழ், 2006-ம் வருடத் தனிச் சட்டப்படி நடப்பது. இவற்றுக்குப் பின்னால் நாடாளுமன்றம் இருக்கிறது. மாடி அறைக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்? என்.ஐ.டி. டிப்ளமோவுக்கு மதிப்பு வந்தது நுழைவுத் தேர்வில் வடிகட்டி எடுத்ததாலும், பிள்ளைகள் பட்டறையில் வருடக்கணக்கில் கையைக் கறுப்பாக்கிக்கொண்டதாலும். அங்கே மேனேஜ்மென்ட் கோட்டா கிடையாது. என்.ஐ.டி.யில், நிஃப்டில் சீட் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிட்டு எழுந்து வாருங்கள்.

ஒரிஜினல் சான்றிதழ் விஷயம். சேர்க்கைக்காக வந்த பிள்ளையின் அசலைக் கல்லூரியே சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று யூ.ஜி.சி. 2018-லேயே சொல்லிவிட்டது. கல்லூரிக்கே இல்லாத உரிமை தரகருக்கு எங்கிருந்து வந்தது? அசலை வாங்கிப் பூட்டுவது நீங்கள் வேறு இடத்துக்குப் போகாமல் இருக்கத்தான். கட்டணத்தைத் திருப்பித் தரும் விதியும் கல்லூரிக்குத்தான் பொருந்தும். தரகரிடம் கொடுத்த 60,000-க்கு அந்த விதி துணைக்கு வராது.

உண்மையிலேயே வெளிநாடு என்றால் அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்தில் இந்தியாவுக்கான அதிகாரபூர்வப் பிரதிநிதி யார் என்று பெரும்பாலும் போட்டிருப்பார்கள். அதில் நாலு ரோட்டுக்காரர் பேர் இருக்கிறதா என்று பாப்பாவையே பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

ஆனால் உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு எடுத்த எடுப்பில் வெளிநாடு எதற்கு என்பது என் கேள்வி. சென்னை கவின்கலைக் கல்லூரியில் நான்கு வருட பி.எஃப்.ஏ. (கவின்கலை இளங்கலை) படிப்பில் ஜவுளி வடிவமைப்பு தனிப் பிரிவாகவே இருக்கிறது. அரசுக் கட்டணம், செய்முறைத் தேர்வு வைத்து எடுப்பார்கள். நிஃப்டில் கைவினைஞர்களின் பிள்ளைகளுக்கென்று ஒரு பிரிவு உண்டு. உங்கள் நெசவாளர் அடையாள அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, இந்த வருட அறிவிப்பில் அதற்கு என்ன கேட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். டிசைனோடு தொழில்நுட்பமும் வேண்டுமென்றால் சேலம் தில்லை நகரிலேயே இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. 1960-லிருந்து நடக்கிறது, மத்திய அரசு நிறுவனம். சேலத்துக்காரர்கள் பலருக்கே அது இருப்பது தெரியாது என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

திங்கட்கிழமை நாலு ரோட்டுக்குப் போவதற்குப் பதிலாகப் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு தில்லை நகர் போய், உள்ளே பார்க்க அனுமதி கேளுங்கள். தறிக்கூடத்தில் பாவு ஏறியிருக்கிறதா என்று நீங்கள் பாருங்கள். அங்கே படிக்கிற பிள்ளைகளிடம் கேட்க வேண்டியதைப் பாப்பா கேட்கட்டும். அவள் வரைந்து வைத்திருக்கும் நோட்டுகளைக் கிழித்து எறியாமல் தேதி போட்டு வைக்கச் சொல்லுங்கள், இன்டர்வியூவில் முதலில் அதைத்தான் கேட்பார்கள். பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டை ஏற்கெனவே கன்சல்டன்சியில் கொடுத்திருந்தால் மச்சானையும் கூட்டிக்கொண்டு போய் வாங்கி வந்துவிடுங்கள்.